செய்தியோடை படிக்க எந்தச் செயலி? உசிலம்பட்டியிலிருந்து வந்த கேள்விக்கு

உசிலம்பட்டியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறார். காலையில் பத்துப் பன்னிரண்டு செய்தித் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதிலேயே நேரம் ஓடிவிடுகிறதாம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டுகிற ஃபீட் ரீடர் என்று ஒன்று இருப்பதாக நண்பர் சொல்லியிருக்கிறார். ஃபீட்லியா, இன்னோரீடரா, வேறு ஏதாவதா? இலவசமாக இருக்க வேண்டும், தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டும், போனிலும் லேப்டாப்பிலும் ஓட வேண்டும். காசு கட்டினால் ஏ.ஐ. சுருக்கம் தருகிறார்களாமே, அது தேவையா?

கேட்டிருப்பது செயலியின் பெயரை. கேள்வியை இன்னொரு தடவை படித்தால் அவருக்கு வேண்டியது புரிகிறது: தேர்வுக்கு உரியது ஒன்றும் விட்டுப்போகக் கூடாது, உரியதல்லாதது காலை நேரத்தைத் தின்னவும் கூடாது. இதில் செயலியின் பங்கு பாதிகூட இல்லை. எதைச் சேர்க்கிறோம், எதை விலக்குகிறோம் என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது. நான் மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன். பத்திரிகையை வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டி, தேதி எழுதி, பொருள்வாரியாகக் கோப்பில் போட்ட காலத்திலிருந்து இதே வேலைதான். கருவி மாறியிருக்கிறது, அவ்வளவே. அதனால் செயலியைச் சீக்கிரம் சொல்லிவிட்டு மற்றதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அடிப்படை தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. ஒரு தளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, நேரம், இரண்டு வரிச் சுருக்கம் ஆகியவற்றை ஒரு சின்ன எழுத்துக் கோப்பாகவும் வெளியிடுகிறது. அதுதான் ஃபீட். தமிழ் வலைப்பதிவர்கள் ஓடை என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். 1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்த வடிவம். இன்று பரவலாக இருக்கும் ஆர்.எஸ்.எஸ். 2.0 வந்தது 2002-ல். ஆட்டம் என்ற இன்னொரு வடிவம் 2005-ல். எந்த வடிவம் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம், எல்லாச் செயலியும் இரண்டையும் படிக்கும். செயலி அவ்வப்போது அந்தக் கோப்புகளைப் போய்ப் பார்த்து, புதிதாக வந்ததை நேர வரிசையில் அடுக்கித் தரும். 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியை நினைவிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே திரட்டியவர்கள் வேறு யாரோ, இங்கே நீங்களே. ‘உங்களுக்குப் பிடிக்கும்’ என்று சினிமாக் கிசுகிசுவை நடுவில் செருக ஆள் கிடையாது. போன் தானாகக் காட்டும் செய்திப் பட்டியலுக்கும் இதற்கும் இருக்கிற முக்கியமான வித்தியாசம் அது.

செயலி எதுவானாலும் ஒரு நிபந்தனை மட்டும் கறாராக இருக்கட்டும்: உங்கள் ஓடைப் பட்டியலை ஓ.பி.எம்.எல். கோப்பாக, அதாவது வேறு செயலியிலும் போட்டுக்கொள்ளக்கூடிய பட்டியல் கோப்பாக, வெளியே எடுக்க விட வேண்டும். கூகுள் ரீடர் என்று ஒன்று 2005 முதல் இருந்தது. உலகத்தில் பாதிப் பேர் அதில்தான் படித்தார்கள் என்று சொல்லும்படி செல்வாக்கு. 2013 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்தார்கள், ஜூலை 1-ம் தேதி மூடினார்கள், பட்டியலை எடுத்துக்கொள்ள ஜூலை 15 வரை அவகாசம் கொடுத்தார்கள். எடுத்தவர்கள் மறுநாளே வேறு சேவையில் போட்டுப் படித்தார்கள். எடுக்காதவர்கள் ஒவ்வொரு தளமாக நினைவிலிருந்து சேர்க்க வேண்டியிருந்தது. இன்று இருக்கிற எந்த நிறுவனம் ஐந்து வருஷம் கழித்தும் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் அந்தக் கோப்பு இருந்தால் அதைப் பற்றிக் கவலையும் வேண்டாம்.

சரி, பெயர்கள். போன், லேப்டாப் இரண்டிலும் வேண்டும், இலவசம் என்கிறீர்கள். ஒன்றில் படித்தது மற்றதிலும் ‘படித்தாயிற்று’ என்று தெரிய வேண்டும் என்றால் நடுவில் ஒரு சர்வர் வேண்டும். அதற்கு இன்னோரீடரின் இலவசக் கணக்கு உங்களுக்குப் போதும். இதை எழுதும்போது அதில் 150 ஓடைகள் வரை சேர்க்கலாம், ஃபீட்லியில் 100, நியூஸ்பிளர் என்ற இன்னொரு சேவையில் 64. தேர்வுக்குப் படிக்கிறவருக்கு முப்பதைத் தாண்டினாலே அதிகம், அதனால் இந்த எண்ணிக்கைகளை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். திட்டங்களை இந்த நிறுவனங்கள் அடிக்கடி மாற்றும், சேரும் முன் விலைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபீட்லியை ஏன் முதலில் சொல்லவில்லை என்றால், சில வருஷமாக அதன் கவனம் நிறுவன வாடிக்கையாளர்கள் பக்கம் போய்விட்டது. தனி ஆள் படிக்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் புதிதாகச் செய்கிற எதுவும் நம்மை நினைத்துச் செய்வதாகத் தெரியவில்லை. இது என் அபிப்பிராயம், எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

லேப்டாப் வேண்டாம், போன் மட்டும் போதும் என்றால் இன்னும் எளிது. ஆண்ட்ராய்டில் ஃபீடர் என்ற திறமூலச் செயலி (நிரலை யாரும் பார்க்கலாம்) இருக்கிறது. கணக்கு தொடங்க வேண்டாம், விளம்பரம் இல்லை, நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பது போனை விட்டு வெளியே போகாது. வை-ஃபை கிடைக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டு, உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வருகிற பஸ்ஸில் சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கலாம். அமைப்பில் படங்களை நிறுத்தி வையுங்கள். டேட்டாவைத் தின்பது படம்தான், எழுத்து அல்ல. லேப்டாப்பில் மட்டும் படிக்க மின்னஞ்சலுக்குப் பயன்படும் தண்டர்பேர்டே ஓடைகளையும் படிக்கும். ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர் இலவசம். நான் அதை அதிகம் கையாண்டதில்லை, பயன்படுத்துகிற சக ஊழியர்கள் குறை சொன்னதில்லை. சொந்தமாக சர்வர் வைத்துக்கொள்ளத் தெரிந்த நண்பர் இருந்தால் சொந்த சர்வரில் ஓடுகிற ஓடைச் செயலிகளான ஃப்ரெஷ்ஆர்.எஸ்.எஸ். அல்லது மினிஃப்ளக்ஸ் போட்டுத் தரச் சொல்லலாம். முன்னது சாதாரண பி.எச்.பி. ஹோஸ்டிங்கிலேயே ஓடும். ஆனால் தேர்வு நேரத்தில் சர்வரைக் கட்டிக்கொண்டு அழுவது உங்களுக்குத் தேவையில்லாத வேலை. தமிழ் எழுத்து தெரிவது பற்றிக் கேட்டீர்கள்: ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்த காலம் போய்விட்டது. யூனிகோடில் வரும் எதையும் மேலே சொன்ன எல்லாமே ஒழுங்காகக் காட்டும்.

இந்தச் செயலிகளால் ஆகாத இரண்டு காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நாளிதழ்கள் ஓடையில் தலைப்பும் இரண்டு வரியும்தான் தருவார்கள், முழுக் கட்டுரை தர மாட்டார்கள். முழுவதையும் இழுத்துக் காட்டும் வசதி பல செயலிகளில் உண்டு, ஆனால் எல்லாத் தளத்திலும் அது சரியாக வேலை செய்யாது, சந்தா கேட்கிற செய்தியை அது திறந்தும் தராது. இரண்டாவது, உடனுக்குடன் செய்தி என்று எதிர்பார்க்காதீர்கள். பொதுச் சேவைகள் நிறையப் பேர் சேர்த்திருக்கும் ஓடையை அடிக்கடி பார்க்கும், நாலு பேர் மட்டும் சேர்த்திருக்கும் ஓடையைத் தாமதமாகத்தான் பார்க்கும். தேர்வுக்கு இரண்டு மணி நேரத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை.

இனி எதைச் சேர்ப்பது. நூலகப் படிப்பில் ‘தேர்ந்த தகவல் சேவை’ என்று ஒரு பாடம் உண்டு. ஐ.பி.எம்.-மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-லேயே முன்வைத்த யோசனை அது: ஒவ்வொரு வாசகருக்கும் என்ன வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்து, வருகிற புதிய ஆவணங்களை அதோடு பொருத்திப் பார்த்து, பொருந்துவதை மட்டும் அவருக்கு அனுப்புவது. உங்கள் விஷயத்தில் அந்தக் குறிப்பை நீங்கள் எழுதவே வேண்டாம், தேர்வாணையம் பாடத்திட்டமாக எழுதி வைத்திருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தத் தலைப்புக்கு எந்த ஓடை என்று பாருங்கள். எந்தத் தலைப்புக்கும் பொருந்தாத ஓடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேர்வு முடியும்வரை வெளியே இருக்கட்டும்.

பலர் செய்வது, ஐந்து நாளிதழ்களின் முதல் பக்க ஓடைகளை மொத்தமாகச் சேர்ப்பது. என்ன ஆகும் என்று பாருங்கள். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. மழைக் காலத்தில் தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்து நாளிதழும் ஆளுக்கொரு செய்தி போடும், சிலர் மதியம் தலைப்பை மாற்றி மறுபடி போடுவார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஓடையில் ஓர் அடையாள எண் இருக்கும். தலைப்போடு சேர்த்து அந்த எண்ணையும் தளம் மாற்றிவிட்டால் செயலி அதைப் புதுச் செய்தி என்றே எண்ணும். ஒரே அணை, ஒரே தண்ணீர், உங்கள் பட்டியலில் இருபது வரி. தேர்வுக்கு வேண்டியதோ அணை எந்த ஆற்றில், எந்த மாவட்டத்தில், எத்தனை அடி என்பது. அதைப் புத்தகத்தில் ஒரு தடவை படித்தால் போதும்.

அதனால் மூலத்துக்குப் போங்கள். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஓடை தருகிறது. திட்டங்கள், விருதுகள், ஒப்பந்தங்கள் எல்லாம் நாளிதழுக்கே அங்கிருந்துதான் போகின்றன. ரிசர்வ் வங்கி பத்திரிகைக் குறிப்பு, அறிவிப்பு, உரை என்று தனித்தனி ஓடை வைத்திருக்கிறது. பத்திரிகைக் குறிப்பு மட்டும் உங்களுக்குப் போதும். ஆழமாகத் தமிழில் படிக்க பிபிசி தமிழுக்கு ஓடை உண்டு. மதுரைச் செய்திக்கு தி இந்து ஆங்கில நாளிதழ் ஊர்வாரியாகத் தரும் ஓடைகளில் மதுரைக்கும் ஒன்று இருக்கிறது, ஆங்கிலப் பயிற்சியும் ஆகும். ஒரு தமிழ் நாளிதழ், ஒன்றே ஒன்று. பயிற்சி வகுப்பு யூடியூப் சேனல்களையும் இதிலேயே சேர்க்கலாம்: சேனலின் முகவரியை ஒட்டினால் போதும், கடைசிப் பதினைந்து காணொளிகளின் தலைப்பு வந்துவிடும். யூடியூபுக்குள்ளே போகாமலே புதுப் பாடம் வந்ததா என்று தெரிந்துகொள்ளலாம். போனால் அரை மணி நேரம் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஓடை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. தளத்தின் முகவரியைச் செயலியின் தேடல் பெட்டியில் ஒட்டினால் இருந்தால் காட்டிவிடும். காட்டவில்லை என்றால், வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகிற தளமாக இருந்தால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் ஃபீட் என்று சேர்த்துப் பாருங்கள். ஒரு பிரிவின் பக்கத்துக்குப் போய் அதன் முகவரியோடு இதையே சேர்த்தால் அந்தப் பிரிவுக்கு மட்டுமான ஓடை கிடைக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை. முழு நாளிதழையும் வாங்கிப்போட்டு வடிகட்டிக்கொண்டிருப்பதைவிட, பொருளாதாரம், அறிவியல் என்று பிரிவாகவே எடுப்பது எவ்வளவோ மேல். ஓடையே இல்லாத அரசுத் தளங்களும் நிறைய. அறிவிக்கைகளை பி.டி.எஃப்.-ஆக மட்டும் போடுகிற இடங்களுக்கு, பக்கம் மாறினால் தகவல் சொல்லும் சேவைகள் இருக்கின்றன. ஆனால் பக்கத்தின் ஓரத்தில் தேதி மாறினாலும் அவை மணி அடிக்கும். தேர்வாணையத் தளத்தை நாள்தோறும் ஒருமுறை நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள். விண்ணப்பக் கடைசித் தேதி மாதிரியான விஷயத்தை எந்தச் செயலியின் பொறுப்பிலும் விடக் கூடாது.

அடுத்தது வடிகட்டி. குறிப்பிட்ட சொல் வந்தால் மறை, அல்லது தனியாகக் காட்டு என்று சொல்லும் வசதி. பெரும்பாலான சேவைகளில் இது கட்டணத் திட்டத்தில் இருக்கும், ஃப்ரெஷ்ஆர்.எஸ்.எஸ்., மினிஃப்ளக்ஸில் இலவசமாகவே உண்டு. ஆங்கிலச் செய்திக்கு நன்றாக ஓடுகிற இந்த வசதி தமிழில் சறுக்குகிற இடங்கள் பல, அதை எழுதி வைத்தவர்கள் குறைவு, அதனால் விவரமாகச் சொல்கிறேன். ‘மேலூர்’ என்று வடிகட்டி வைத்தால் ‘மேலூரில் மறியல்’ என்ற தலைப்பு அதில் சிக்காது. கணினிக்கு ர் என்பது ரகரம், அதன்மேல் புள்ளி என்ற இரண்டு குறிகள். ரி என்பது ரகரமும் இகரக் குறியும். புள்ளியோடு தேடினால் புள்ளியோடு இருப்பதுதான் கிடைக்கும். புள்ளியை எடுத்துவிட்டு ‘மேலூர’ என்று கொடுங்கள், இரண்டும் கிடைக்கும். ‘திருமங்கலம்’ என்பது ‘திருமங்கலத்தில்’ என்று ஆகும்போது மகரமே போய்விடுகிறது. ‘திருமங்கல’ என்று நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் சென்னை அண்ணா நகருக்குப் பக்கத்துத் திருமங்கலத்துச் செய்தியும் கூடவே வரும், அதற்கு வழியில்லை.

‘மதுரை’ என்று கொடுத்தால் வேற்றுமை உருபுகளோடு எல்லாம் வரும், நல்லதுதான். ஆனால் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இங்கே இருக்கிறது. கன்னியாகுமரி வழக்கானாலும் திருநெல்வேலி வழக்கானாலும் செய்தியில் ‘மதுரைக் கிளை’ என்று இருக்கும், உங்கள் உள்ளூர்ப் பட்டியலில் பாதி தென்மாவட்ட வழக்குகளாகிவிடும். அதை விலக்கலாம் என்று ‘மதுரைக் கிளை’யை மறைத்தால், ஒற்று மிகாமல் ‘மதுரை கிளை’ என்று எழுதுகிற நாளிதழ் தப்பிவிடும். இரண்டையும் கொடுக்க வேண்டும். ‘வைகை’ என்றால் அணையோடு வைகை எக்ஸ்பிரஸும் வரும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இன்னொரு சிக்கல்: கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற அந்த முதல் எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் தட்டலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் தட்டலாம். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. அதை விட்டுவிட்டு ‘வில்லிபுத்தூர’ என்று கொடுங்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது மறைக்கிற வடிகட்டி. மருத்துவ நுழைவுத் தேர்வுச் செய்தி தனக்கு வேண்டாம் என்று ‘நீட்’ என்ற சொல்லை மறைத்த மாணவர் ஒருவருக்கு என்ன நடந்தது தெரியுமா? ‘விண்ணப்பிக்கும் தேதி நீட்டிப்பு’ என்ற செய்திகள் எல்லாம் சேர்ந்து மறைந்தன. அதில் ‘நீட்’ அப்படியே இருக்கிறதே. அதனால் என் பரிந்துரை: தமிழ் ஓடைகளில் எடுத்துக் காட்டுகிற வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள், மறைக்கிற வடிகட்டி வேண்டவே வேண்டாம். எடுத்துக் காட்டுவதில் தவறினால் பொதுப் பட்டியலிலாவது இருக்கும்.

படிக்கிற முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் தலைப்புகளை மட்டும் ஓட்டுங்கள், பாடத்திட்டத்தில் பொருந்துவதற்கு நட்சத்திரம் போடுங்கள், மீதியை ‘எல்லாம் படித்தாயிற்று’ என்று ஒரே அழுத்தில் தள்ளிவிடுங்கள். படிக்காதது ஆயிரம் என்று செயலி காட்டினால் பதற வேண்டாம், அது கடன் பாக்கி அல்ல. அந்த எண்ணையே மறைக்கும் அமைப்பு சிலவற்றில் இருக்கிறது. நட்சத்திரம் போட்டவற்றை அன்றைக்கு மாலையே கையால் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வருகிறவராக இருந்தால், அங்கே அச்சு நாளிதழ்களையும் ஒரு புரட்டுப் புரட்டுங்கள். அச்சில் எந்தச் செய்தி எத்தனை பத்தி அகலத்தில் வந்திருக்கிறது என்று பார்த்தாலே ஆசிரியர் குழு அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தது என்று தெரியும். ஓடையில் எல்லாத் தலைப்பும் ஒரே அளவு, அங்கே அந்த வித்தியாசம் தெரியாது. மாதம் ஒரு முறை பட்டியலைத் திறந்து, நட்சத்திரமே வாங்காத ஓடைகளை எடுத்துவிடுங்கள். அதே கையோடு ஓ.பி.எம்.எல். கோப்பையும் இறக்கி உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஏ.ஐ. சுருக்கம். நீண்ட ஆங்கில அறிக்கைக்கு அது ஓரளவு உதவும், மறுக்கவில்லை. உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பேன். ஓடையில் வருவதே இரண்டு வரி, அதை எதற்குச் சுருக்குவது? அதோடு தேர்வில் கேட்பது ஆண்டு, தொகை, எந்த அமைச்சகம், எத்தனையாவது திருத்தம் என்கிற மாதிரி விவரங்கள். சுருக்கும்போது முதலில் உதிர்கிறவையும் தவறாகப் போகிறவையும் அவைதான். அந்தச் சந்தாவுக்குக் கட்டுகிற காசில் ஒரு நாளிதழை வீட்டுக்கு வரவழைக்கலாம், வீட்டில் மற்றவர்களும் படிப்பார்கள். வடிகட்டிக்காகக் கட்டணத் திட்டம் தேவையா என்பதை இரண்டு மாதம் இலவசக் கணக்கில் படித்த பிறகு யோசியுங்கள். பிரிவு வாரியாக ஓடை எடுத்திருந்தால் அதுவும் அநேகமாகத் தேவைப்படாது.